பெரிய ஹோலுக்கு எந்த ஏசி சரிவரும்?

வணக்கம் உறவுகளே. யாழ்ப்பாணத்தில எங்கட வீட்டு ஹோலுக்கு ஏசி போடவேணும். அனுபவமுள்ள ஆக்கள் சொல்லுங்கோ.

ஹோல் 24 அடி நீளம், 16 அடி அகலம். ஓட்டுக்கூரை, உள்ளுக்கு சீலிங் அடிச்சிருக்கு. மேற்குப் பக்கம் ரெண்டு பெரிய யன்னல், பின்னேர வெயில் அதுக்காலதான் இறங்கும். நடக்க ஏலாத அம்மம்மாவுக்கு அங்கதான் கட்டில். போன பங்குனி, சித்திரை வெக்கையில, சோளகக் காத்து எழும்பும்வரைக்கும் அவ நித்திரையில்லாமல் கிடந்தவ. ஃபான் சுடுகாத்தைத்தான் சுத்துது. இன்னொரு வருசம் அவவை அப்பிடி விட ஏலாது.

கடையில 18,000 பி.ரி.யூ (ஏசி குளிராக்கிற சக்தியின்ர அளவு) போதுமாம். வயரிங் செய்யிற அண்ணை 24,000 எண்டுறார். எனக்கெண்டால் 12,000 ரெண்டு போட்டு, இரவில கட்டில் பக்கத்தை மட்டும் ஓடவிடுறது நல்லமெண்டு படுது. அப்பிடிச் செய்த ஆக்கள் இருக்கிறியளோ? இன்வேட்டர் ஏசி (தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைச்சு ஓடுறது) எண்டால் கரண்ட் பில் உண்மையிலேயே குறையுதோ? லைன் சிங்கிள் பேஸ், 30 அம்பியர். கிணத்து மோட்டரும் அதிலதான்.

கடல் கிட்ட. உப்புக்காத்துக்கு வெளி யூனிற் கறள் பிடிக்காமல் என்ன செய்தனியள் எண்டும் சொல்லுங்கோ. மாசிக்கு முதல் பூட்டவேணும்.