உப்பிய பேட்டரியைக் கயிற்றில் இறக்கி விற்றேன்
(பர்மாவின் நாலு ஊர்க்காரர்கள் பேசிக்கொள்வது)

ரங்கூன், தாமுவே:
இரண்டு மழைக்காலம் போய்விட்டது, அந்தப் பையன் முகம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. கரண்ட் போவது அதிகமானதிலிருந்து வீட்டுக்கு வீடு சார்ஜ் லைட்டும் பவர் பேங்குமாகச் சேர்ந்து கிடக்கிறதே, எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அதில் ஒரு பவர் பேங்க் இட்லி மாதிரி உப்பி, மூடி பிளந்துகொண்டது. கீழே பழைய சாமான் வண்டிக்காரர் குரல் கேட்டதும் இரண்டு பழைய போனோடு அதையும் பையில் போட்டு நாலாவது மாடியிலிருந்து கயிற்றில் இறக்கினேன். பணம் அதே பையில் மேலே வந்தது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். வண்டியோடு வந்த பையனுக்குப் பத்து வயசு இருக்கும், கன்னத்தில் தனாக்கா (மரப்பட்டையை அரைத்த சாந்து) பூசியிருந்தான். உள்ளே இருக்கும் செம்புக்காக ஸ்க்ரூ டிரைவரைப் பவர் பேங்கின் நடுவில் விட்டு நெம்பினான். உஸ்ஸென்று சத்தம், வெள்ளைப் புகை, அப்புறம் தீ. கையை உதறிக்கொண்டே அவன் அண்ணாந்து என்னைத்தான் பார்த்தான். உப்பியிருக்கிறது, குத்தாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குடத்தோடு ஓடி இறங்கித் தண்ணீர் ஊற்றினேன். விரலில் தோல் வழன்றிருந்தது.

பெகு:
அக்கா, தண்ணீர் ஊற்றியது தப்பு. அந்த பேட்டரிக்குள் இருப்பது லித்தியம், அதில் தண்ணீர் பட்டால் இன்னும் எரியும், மணல்தான் போட வேண்டும். என் தம்பியின் தலைமாட்டில் சார்ஜ் லைட்டு புகைந்தபோது நான் மணலைத்தான் கொட்டினேன்.

மோல்மேன்:
பெகு அண்ணன் சொல்வது பாதிதான் சரி. நான் பதினொரு வருஷமாகப் போன் ரிப்பேர் பார்க்கிறேன். தண்ணீரோடு சண்டை போடுவது தனி உலோகமாக இருக்கும் லித்தியம். சார்ஜ் ஏற்றும் போன் பேட்டரியில் அது அப்படி இல்லை. மணல் தீயை மூடும், உள்ளே இருக்கும் சூட்டை இறக்காது. பக்கத்தில் இருக்கும் செல்லும் (பேட்டரிக்குள் இருக்கும் தனித்தனி துண்டு) பற்றிக்கொள்ளும். சின்ன பேட்டரி என்றால் நிறையத் தண்ணீர் ஊற்றி, அதிலேயே மூழ்கிக் கிடக்கட்டும் என்று விட வேண்டும், ஆனால் முதலில் ஆட்களை விலக்குங்கள், அந்தப் புகை நெஞ்சுக்கு விஷம். உப்பினால் உள்ளே வாயு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் சார்ஜ் போடாதீர்கள், அமுக்காதீர்கள், ஊசியால் குத்தி வாயுவை எடுக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். டார்ச்சில் வரும் 18650 செல் (18 மில்லிமீட்டர் தடிமன், 65 நீளம், அதுதான் பெயரே) கழற்றினால் இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக வையுங்கள். அடுப்பும் சாமி விளக்கும் பக்கத்தில் வேண்டாம். எனக்கு நடந்தது சின்ன விஷயம்தான்: நாலு செல்லைச் சாவிக்கொத்தோடு லுங்கி மடிப்பில் செருகினேன், சாவி முனைகளில் பட்டுப் பற்றிக்கொண்டது, தொடையில் இன்னும் தழும்பு இருக்கிறது, லுங்கி எரிந்துபோனது.

மண்டலே:
எல்லாரும் லித்தியத்தையே பேசுகிறீர்கள். இன்வெர்ட்டருக்கு வைக்கும் 12 வோல்ட் பேட்டரியை யார் கேட்கிறார்கள்? எங்கள் பக்கத்து வீட்டில் ஒருவர் அதை உடைத்து, ஆசிட்டைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, வலைக்குக் குண்டு வார்க்க அதிலிருந்த ஈயத்தைச் சமையல் சட்டியில் உருக்கினார். அவர் பேத்தி பக்கத்தில் குத்தவைத்து, வெள்ளி மாதிரி மின்னுகிறதே என்று எட்டி எட்டிப் பார்த்தாள். சின்னப் பிள்ளைக்கு ஈயம் கொஞ்சம் போனாலே மூளையைத்தான் பிடிக்கும். நான் போய்ப் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. உடைக்காமல் முழுசாகக் கொடுத்தால் பேட்டரிக் கடையிலேயே எடைக்கு வாங்கிக்கொள்கிறார்கள்.

ரங்கூன், தாமுவே:
மோல்மேன் தம்பி, தண்ணீர் விஷயம் சொன்னதில் மனசு கொஞ்சம் ஆறியது. அந்தப் பையன் அதற்கப்புறம் வண்டியோடு வரவில்லை. கேட்டால் ஊருக்குப் போய்விட்டான் என்கிறார் வண்டிக்காரர். இப்போது எதையும் கயிற்றில் இறக்குவதில்லை. நாலு மாடியும் இறங்கி, எது உப்பியது என்று தொட்டுக் காட்டி, அவர் தலையாட்டின பிறகுதான் கையில் கொடுக்கிறேன்.