கரிசல் மண் ஸ்வெல்லிங் பிரஷர் (நனைந்து உப்பும்போது மண் தரும் அழுத்தம்): ஒரே மண்ணுக்கு 1.6-ம் 0.6-ம் வருகிறது, எதை எடுப்பது?

கேள்வி
கோவில்பட்டி பக்கம், தரைத்தளம் மட்டும் உள்ள வீடு. 1.5 மீட்டர் ஆழத்துக் கரிசல், ஃப்ரீ ஸ்வெல் (தடையில்லாமல் தண்ணீரில் உப்பும் அளவு) 90%. மண் சோதனைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2720 பகுதி 41-ல் உள்ள இரண்டு முறையிலும் பார்த்தாயிற்று. கன்சாலிடோமீட்டரில் (வளையத்துக்குள் மண்ணை வைத்து எடை ஏற்றும் கருவி) 1.6 கிலோ/ச.செ.மீ.; கான்ஸ்டன்ட் வால்யூமில் (மண்ணை உப்பவிடாமல் பிடித்து அளக்கும் முறை) ப்ரூவிங் ரிங் (வளைவை வைத்து விசையைக் காட்டும் இரும்பு வளையம்) 34 டிவிஷன் (டிவிஷனுக்கு 0.5 கிலோ), அதாவது 0.6. இரண்டிலும் ஈரம் 14%, அடர்த்தியும் ஒன்றே. சாம்பிள் 60 மி.மீ. விட்டம், 20 மி.மீ. உயரம்.

பதில் 1
கன்சாலிடோமீட்டர் பொதுவாகக் கூட்டித்தான் காட்டும் சார். முழுக்க உப்பவிட்டு, அப்புறம் அமுக்கிப் பழைய உயரத்துக்குக் கொண்டுவருகிறோம். வளையச் சுவரின் உராய்வும் அந்த எடையில் சேரும். உள்பக்கம் சிலிக்கான் கிரீஸ் மெல்லிசாகத் தடவுங்கள்.

ஆனால் இவ்வளவு இடைவெளிக்கு அது போதாது. சந்தேகம் 0.6 மேல்தான். உங்கள் ரிங் டயல் டிவிஷனுக்கு 0.002 மி.மீ. என்றால், 34 டிவிஷனில் ரிங்கே 0.068 மி.மீ. வளைந்திருக்கிறது. 20 மி.மீ. மண்ணுக்கு அது 0.34%. காய்ந்த கரிசல் அந்த இடம் கிடைத்தாலே அழுத்தத்தில் பெரும்பங்கை விட்டுவிடும். நனைந்த ஃபில்டர் பேப்பர் அமுங்குவதும் இதோடு சேரும். சாம்பிள் மேல் தனி டயல் வைத்து, முள் நகர நகர பிளாட்டனை (சாம்பிள் நிற்கும் தட்டு) திருப்பிப் பழைய ரீடிங்கிலேயே நிறுத்த வேண்டும்.

கேட்டவர்
ராத்திரி யார் திருப்புவது?

பதில் 1
காலையிலேயே தண்ணீர் விடுங்கள். வேகமான உப்பல் பகலிலேயே பெரும்பாலும் முடியும். இல்லையென்றால் கன்சாலிடோமீட்டரிலேயே, டயல் 0.01 மி.மீ. ஏறும்போதெல்லாம் சின்ன எடை போட்டுப் பழைய இடத்துக்கு இறக்குங்கள். 10:1 லீவரில் ஹேங்கரில் 283 கிராம் போட்டால் 0.1 கிலோ/ச.செ.மீ. ராத்திரிக்குக் கொஞ்சம் கூடுதல் எடை வைத்துவிட்டு, காலையில் டயல் இறங்கியிருந்தால் குறையுங்கள்.

பதில் 2
இன்னொன்று: சாம்பிள் எந்த மாதம் எடுத்தது? ஐப்பசி மழைக்குப் பிறகு எடுத்த மண் ஏற்கெனவே பாதி உப்பியிருக்கும். கோடைக் கடைசி ஈரத்தில் சோதித்ததுதான் டிசைனுக்கு. மண்ணை ஓவனில் காயவைத்து ரீமோல்டு (மறுபடி பிசைந்து அச்சில் அடைப்பது) செய்யாதீர்கள், நிழலில் உலர்த்துங்கள். சுண்ணாம்புக் கட்டி வளையத்துக்குள் மாட்டினாலும் ரீடிங் கெடும்.

எந்த எண் வந்தாலும், வீட்டு எடையை வைத்து உப்பலை அடக்கலாம் என்று போகாதீர்கள். ஃபுட்டிங்குக்கு அடியில் அடங்கினாலும் ஃப்ளோர் தூக்கும். அண்டர்ரீம்டு பைல் (அடியில் குமிழ்போல் அகலமான கான்கிரீட் தூண்) போடுங்கள், ஆழம் 3.5 மீட்டருக்குக் குறையக் கூடாது. கிரேடு பீமுக்கு (பைல்களை இணைத்துச் சுவரைத் தாங்கும் பீம்) அடியில் 80 மி.மீ. காலி இடம் விடுங்கள். கான்கிரீட் போட்ட பிறகு அதில் மண் சரிந்து அடைத்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். அடைத்திருந்தால் பீமையே மண் தூக்கும்.