மூக்கடைப்பால் தூங்கவே மாட்டேன் என்கிறாள், என்ன செய்யலாம்?

கேள்வி: மகளுக்கு 8 மாதம், மூன்று நாளாகச் சளி. பகலில் பரவாயில்லை, இரவில் படுக்கப் போட்டதும் மூக்கு அடைத்துக்கொண்டு, பாலும் குடிக்க முடியாமல் வாயை எடுத்து எடுத்து அழுகிறாள், தோளில் போட்டால்தான் கண் அயர்கிறாள். தலையணை வைத்துப் படுக்க வைக்கலாமா?

பதில்: தலையணை வேண்டவே வேண்டாம். ஒரு வயதுக்குள் மூச்சு அடைபடும் ஆபத்து உண்டு. கெட்டியான, சமமான படுக்கையில் மல்லாக்கத்தான் படுக்க வேண்டும். பால் கொடுப்பதற்குச் சற்று முன்பு சலைன் (உப்புநீர்) சொட்டு மருந்தை இரண்டு மூக்கிலும் விட்டு, இளகி வரும் சளியை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். என் பையனுக்கு அப்படிச் செய்த இரவு, அந்தக் கொர்கொர் சத்தம் அடங்கி வாயை மூடித் தூங்கியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

பதில்: அப்புறம், கற்பூரம் கலந்த தைலம் 2 வயது வரை தேய்க்காதீர்கள். தேனும் ஒரு வயதுக்குள் கூடாது. இருமல் மருந்தை நீங்களாகக் கொடுக்க வேண்டாம், பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள்.

பதில்: சட்டையைத் தூக்கி மூச்சையும் பாருங்கள் அம்மா. விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுத்தாலோ, சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

கேட்டவர்: இப்போதே பார்த்தேன், விலா இழுக்கவில்லை. சலைன் வாங்கிவரச் சொல்லிவிட்டேன். ரொம்ப நன்றி.