நிலைக்கதவு கோணலா, கண் கோணலா?

குழு: பெரிய வீட்டுச் சொந்தங்கள்

ஞாயிறு, காலை 7:10

பெரியப்பா: முன்வாசல் நிலை நடுவில் உள்வாங்கி இருக்கிறது. செந்தில், ஆசாரியைக் கூட்டி வா.

செந்தில்: போன வாரம் வந்தபோது நேராகத்தானே இருந்தது அப்பா?

பெரியம்மா: ஆசாரி நேற்றே வந்து ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டார். நூல் பிடித்த மாதிரி இருக்கிறதாம். இவர் அவரைத் திட்டி அனுப்பிவிட்டார்.

அத்தை: அண்ணனுக்குப் புரை வந்திருக்கும். கண்ணாடியை மாற்றினால் சரியாகிவிடும்.

நித்யா: அத்தை, புரை என்றால் மங்கும், கோடு வளையாது. பெரியப்பா, படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மாதக் காலண்டரில் 16ஆம் தேதியை மட்டும் பாருங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடுங்கள். அப்புறம் மற்றக் கண்ணை.

பெரியப்பா: இடக்கண்ணை மூடினால் எல்லாம் ஒழுங்கு. வலக்கண்ணை மூடினால் 16 அழிந்த மாதிரி இருக்கிறது, சுற்றிக் கட்டமெல்லாம் நெளிகிறது. ஓரத்தில் இருக்கிற 1, 30 தெளிவு.

நித்யா: அப்படியானால் இடக்கண்தான். விழித்திரையின் நடுவில் மேக்குலா என்று சின்ன இடம். எழுத்துப் படிக்க, முகம் அடையாளம் காண, ஊசி கோக்க எல்லாவற்றுக்கும் அதுதான். வயதாகும்போது சிலருக்கு அது பழுதாகும். உலர் வகை வருஷக்கணக்கில் மெதுவாகப் போகும். ஈர வகையில் அடியில் புது ரத்தக்குழாய் முளைத்துக் கசியும், கோடு நெளியும். நாள் தள்ளினால் தழும்பாகிவிடும். நாளைக்கே விழித்திரை டாக்டரிடம் போங்கள். கண்ணாடிக் கடைக்கு அல்ல!

பெரியப்பா: டிவி நன்றாகத்தானே தெரிகிறது?

நித்யா: நல்ல கண் ஈடுகட்டுகிறது. பலர் தாமதமாக வருவதே அதனால்தான்.

சித்தப்பா: தினம் கேரட் ஜூஸ் குடித்தால் கண்ணாடியே வேண்டாமாம். ஃபார்வர்டு வந்திருக்கிறது, போடவா?

நித்யா: போடாதீர்கள் சித்தப்பா 🙏 கேரட் நல்லதுதான், கசிவை நிறுத்தாது.

செவ்வாய், பகல் 12:05

செந்தில்: விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டுகிற ஓசிடி ஸ்கேன் எடுத்தார்கள். இடக்கண்ணில் நீர் கோத்திருக்கிறது, ஈர வகைதான். கசிவை அடக்க இப்போதே கண்ணுக்குள் ஊசி போட்டாச்சு. முதல் மூன்று மாதம், மாதம் ஒன்று. வலக்கண்ணில் உலர் வகை, நடுத்தர நிலை. மாத்திரை எழுதியிருக்கிறார்: வைட்டமின் சி, ஈ, துத்தநாகம், செம்பு, லூட்டீன், சியாசாந்தின்.

அத்தை: கண்ணுக்குள் ஊசியா! முருகா!

சித்தப்பா: அந்த மாத்திரையில் எனக்கும் ஒரு டப்பா வாங்கு.

நித்யா: உங்களுக்கு எதற்கு? அது நோயை வராமல் தடுக்கிற மாத்திரை இல்லை. பெரியப்பாவுக்கே முற்றுகிற வேகத்தைத்தான் குறைக்கும். பழைய கலவையில் பீட்டா கரோட்டின் இருந்தது. புகைபிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டுகிறது என்பதால், 2013இல் இந்த மாத்திரைக் கலவையைச் சோதித்த ஏரெட்ஸ் 2 ஆய்வு வந்த பிறகு லூட்டீனை மாற்றாக வைத்தார்கள். நீங்கள் முதலில் சிகரெட்டை விடுங்கள். இந்த நோயில் வயதும் பரம்பரையும் நம் கையில் இல்லை, அது இருக்கிறது.

சித்தப்பா: சரி, தூங்கப் போகிறேன்.

பெரியம்மா: பகல் 12 மணிக்கா?

நித்யா: கூடப்பிறந்தவருக்கு இருந்தால் உங்களுக்கும் வாய்ப்பு கூடுதல். அத்தை, சித்தப்பா இரண்டு பேரும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புதன், காலை 6:40

பெரியப்பா: ஊசி போட்டதே தெரியவில்லை, மரத்துப்போக மருந்து விட்டிருந்தார்கள். முன்னால் கண்ணைக் கழுவிய அயோடின்தான் ராத்திரி வரை உறுத்தியது. அது கிடக்கட்டும். ஆசாரி என் போனை எடுக்க மாட்டேன் என்கிறார். செந்தில், உன் போனிலிருந்து கூப்பிட்டுக் கொடு.