பொருள்: ரெகான்சென்ட்ராசியோன் – ‘வதைமுகாம்’ பொருந்துமா?

குழுவினருக்கு வணக்கம்.

கியூபா விடுதலைப் போரைப் (1895–98) பற்றிய கட்டுரைகளில் ‘ரெகான்சென்ட்ராசியோன்’ (நாட்டுப்புற மக்களைக் காவலுள்ள ஊர்களில் அடைத்த ஸ்பானிய நடவடிக்கை) வரும் இடமெல்லாம் ‘வதைமுகாம்’ என்று போட்டுவிடுகிறோம். அதைப் படித்ததும் வாசகர் மனத்தில் நாஜி ஜெர்மனிதான் வந்து நிற்கும். ஸ்பானிய ஆளுநர் வெய்லர் செய்தது வேறு. கியூபாவின் மேற்கு மாகாணமான பினார் டெல் ரியோவுக்கு அவர் 1896 அக்டோபர் 21இல் இட்ட ஆணை இது: நாட்டுப்புறத்தார் அனைவரும் 8 நாளுக்குள் படை நிற்கும் ஊர்களுக்கு வந்துவிட வேண்டும். அதன்பின் வெளியே அகப்படுவோர் கலகக்காரராகவே கருதப்படுவர். அனுமதியில்லாமல் ஊரைவிட்டு உணவுப்பொருள் வெளியே போகக் கூடாது. மாடுகளையும் ஓட்டிவந்துவிட வேண்டும்.

அடைக்கப்பட்ட இடம் ஏற்கெனவே இருந்த ஊர். சுற்றிலும் காவல், உள்ளே பழைய கிடங்குகளும் ஓலைக் குடிசைகளும். எனவே சொல்லில் ‘முகாம்’ வேண்டாம். கதவடைப்பு, கடையடைப்பு போல ‘குடியடைப்பு’ என்று முன்மொழிகிறேன்.

———

> ‘குடியடைப்பு’ என்று முன்மொழிகிறேன்

ஐயா, ‘முகாம்’ வேண்டாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் குடியடைப்பு என்று தலைப்பில் கண்டால் மதுக்கடையை மூடிவிட்டார்கள் என்றுதான் இன்றைக்குப் படிப்பார்கள்.

பொருளிலும் ஒரு குறை உண்டு. அடைத்தது பாதிதான், வேரோடு பெயர்த்தது மறுபாதி. மாம்பிசெஸ் என்ற விடுதலைப் படையினருக்குச் சோறு, குதிரை, உளவு மூன்றும் நாட்டுப்புறக் குடிகளிடமிருந்தே கிடைத்தன. அந்தத் தொடர்பை அறுக்கத்தான் வீட்டைக் கொளுத்தி, பயிரை அழித்து, ஆட்களை நகர்த்தினார்கள். ஆகவே ‘பெயர்த்தடைப்பு’ என்று வைக்கலாம்.

‘மறுகுவிப்பு’ என்று சிலர் எழுதுவது பிழை. அந்த ‘ரெ’ இங்கே ‘மீண்டும்’ என்ற பொருள் தருவதில்லை, வினைக்கு அழுத்தம் கூட்டுகிறது. ‘மீள்குடியேற்றம்’ இன்னும் தவறு. இலங்கைத் தமிழில் அது சொந்த ஊருக்குத் திரும்புவதைக் குறிக்கும். இங்கே நடந்ததோ அதற்கு நேர் எதிர்.

———

பெயர்த்தடைப்புக்கு என் ஆதரவு. கிளைச்சொற்களும் எளிதாக அமைகின்றன: ஆணை ‘அடைப்பாணை’, இடம் ‘அடைப்பூர்’, மக்கள் ‘அடைபட்டோர்’.

விளக்கக் குறிப்பில் பட்டினியைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். காவல் எல்லையை ஒட்டிப் பயிர் நிலம் ஒதுக்குவதாகச் சொல்லப்பட்டது. பல ஊர்களில் அது பெயரளவுக்குத்தான், விளைச்சல் போதவில்லை. மறுபக்கம், நகரங்களுக்கு விளைபொருள் போகக் கூடாதென்று விடுதலைப் படைத் தலைவர் மாக்சிமோ கோமேஸும் தடை போட்டிருந்தார். இரண்டுக்கும் நடுவே அடைபட்டோருக்கு உணவு வரும் வழி அடைந்தது. பிறகு அம்மையும் வயிற்றுக்கடுப்பும். இறந்தோர் 1 லட்சத்துக்குக் குறையாது என்பதே பெரும்பாலான மதிப்பீடு. தீவின் மக்கள்தொகையே சுமார் 16 லட்சம்தான். 1897 நவம்பரில் வெய்லருக்குப் பின் வந்த ஆளுநர் பிளாங்கோ ஆணையைத் தளர்த்தினார், 1898 மார்ச்சில் அது நீங்கியது. இவ்வளவு சாவைச் சுமக்கும் சொல்லுக்கு ‘மக்களை ஓரிடத்தில் சேர்த்தல்’ என்று மட்டும் பொருள் எழுதினால் அநியாயம்.

சொல் வேறிடத்திலும் நிற்குமா என்று பார்த்தேன். பிலிப்பைன்ஸின் பத்தங்காஸில் 1901 டிசம்பரில் அமெரிக்கப் படை செய்ததற்கு அப்படியே பொருந்துகிறது. தென்னாப்பிரிக்காவில் பிரித்தானியர் போயர் (டச்சு வழிக் குடியேறிகள்) குடும்பங்களை வைத்தது தனிக் கூடார முகாம். அங்கே ‘அடைப்பு முகாம்’ என்று பிரித்து எழுதலாம்.

———

ஏற்கிறேன், குடியடைப்பைக் கைவிடுகிறேன். கூடவே, விடுதலைப் படையைத் தடுக்க ஸ்பானியர் அமைத்த ‘திரோச்சா’வையும் முடித்துவிடுவோம். இதைக் ‘கோட்டை’ என்று எழுதுவது தவறு. ஹூகாரோ–மொரோன் திரோச்சா தீவின் இடுப்பில் 68 கி.மீ. நீளத்துக்குக் காட்டை வெட்டித் திறந்த ஒரு பட்டை. வெட்டிய மரங்கள் இருபுறமும் குவிந்து கிடக்க, நடுவே ரயில் பாதை, காவற்கோபுரங்கள், முள்கம்பி. மேற்கே மரியேல்–மஹானாவில் இன்னொன்று. 1896 டிசம்பரில் விடுதலைப் படைத் தளபதி அந்தோனியோ மசேயோ அதன் முனையைப் படகில் சுற்றிக் கடந்தார். கோடாக நீள்வதால்தான் அப்படிச் சுற்றிப் போக முடிந்தது. ‘அரண்கோடு’ என்றால் அது சொல்லிலேயே விளங்கும்.