டா நாங் மீ கே கடற்கரை: அக்டோபரில் குளிக்க முடியுமா?

கேள்வி: அக்டோபர் நடுவில் 3 நாள் வியட்நாமின் டா நாங் நகரில் தங்குகிறோம். கூடவே பத்து வயதுப் பையன். மீ கேயில் இறங்கிக் குளிக்கலாமா? பணம், வண்டி விஷயத்தில் எதில் கவனம் தேவை?

பதில் 1: அக்டோபர் அங்கே மழைக்காலம், அலை பெரிது. கடல் அமைதியாக இருப்பது மே முதல் ஆகஸ்ட் வரை. சிவப்புக் கொடி பறந்தால் முழங்கால் அளவுக்குக்கூடப் பையனை விடாதீர்கள். அலை உடையும் இடங்களுக்கு நடுவே ஒரு பட்டை மட்டும் அமைதியாக, கருத்துத் தெரியும். பார்க்கப் பாதுகாப்பான இடம் போலிருக்கும். உள்ளே இழுக்கும் நீரோட்டம் அதுதான். சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வரவேண்டும்.

பதில் 2: கிழக்கு பார்த்த கடற்கரை என்பதால் சூரிய உதயம் கடலில்தான். உள்ளூர்க்காரர்கள் 5 மணிக்கே குளிக்க வந்துவிடுவார்கள். உச்சி வெயிலில் மணல் காலைச் சுடும்.

வியட்நாம் பணமான டாங்கில் ஒரு சிக்கல்: 20,000 டாங், 500,000 டாங் இரண்டு நோட்டுமே நீலம். இளநீர்க் கடையில் அவசரத்தில் மாற்றிக் கொடுத்தால் 25 மடங்கு போயிற்று! 500,000 நோட்டுகளைத் தனியாக வையுங்கள். சாய்வு நாற்காலியில் உட்காரும் முன்பே வாடகையைக் கேட்டுவிடுங்கள்.

பதில் 3: விமான நிலையத்திலிருந்து கடற்கரை ஆறேழு கிலோமீட்டர்தான். கிராப் செயலியில் கார் பிடித்தால் பேரம் வேண்டாம். சனி, ஞாயிறு இரவு 9 மணிக்கு டிராகன் உருவில் கட்டிய டிராகன் பாலம் நெருப்பும் தண்ணீரும் கக்கும். தலைப் பக்கம் நின்றால் நனைவது உறுதி, கைப்பேசி பத்திரம்.