விண்டோஸ் 11 போட்டே வரும் லேப்டாப்பில் எங்கள் பழைய பில் புரோகிராம் ஓடுமா?

பாவுநூல் | 14 நவம்பர் 2021, இரவு 9.40

வணக்கம். குமாரபாளையத்தில் அப்பாவின் நூல் கடையை மூன்று வருடமாக நான் பார்த்துக்கொள்கிறேன். விசைத்தறிக்காரர்களுக்குப் பாவு, ஊடை இரண்டுக்கும் கோன் நூல் கொடுக்கிறோம்.

கடையில் இருப்பது 2011-இல் வாங்கிய டெஸ்க்டாப். விண்டோஸ் 7, 32 பிட், 2 ஜிபி ராம். தீபாவளிக்கு முந்தின வாரம் இரண்டு முறை தானாக அணைந்துவிட்டது. மெக்கானிக் திறந்து பார்த்து, மதர்போர்டில் கெப்பாசிட்டர் உப்பியிருக்கிறது, எத்தனை நாள் வரும் என்று சொல்ல முடியாது என்றார்.

என் கவலை மெஷின் இல்லை, அதில் இருக்கிற பில் புரோகிராம். 1999-இல் ஈரோட்டு அண்ணன் ஒருவர் டாஸ் ஃபாக்ஸ்புரோவில் (விண்டோஸுக்கு முந்தின டாஸில் ஓடுகிற, கணக்குப் பதிவுகளுக்கான மென்பொருள்) எழுதிக் கொடுத்தது. கறுப்புத் திரை, எஃப்2 அழுத்தினால் பார்ட்டி பெயர், எஃப்5 அழுத்தினால் பிரின்ட். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோதும் அவரேதான் வந்து, பருத்தி நூலுக்கு மத்திய வரி, மாநில வரி இரண்டரை, இரண்டரை சதவீதம் என்று பிரித்து மாற்றிக் கொடுத்தார். இப்போது அவர் இந்தத் தொழிலையே விட்டுவிட்டார். அப்பாவுக்கு மௌஸ் பிடிபடவே இல்லை. ஆனால் இந்தத் திரையில் ஆளோடு பேசிக்கொண்டே பில் போட்டு முடித்துவிடுவார். 22 வருடத்துப் பார்ட்டி கணக்கும் இதற்குள்தான் இருக்கிறது. பிரின்டர் 9 ஊசி டாட் மேட்ரிக்ஸ், பழைய பேரலல் கேபிள், மூன்று பிரதி கார்பன் பேப்பர்.

நேற்று ஈரோட்டில் ஒரு கடைக்குப் போனேன். ஐ3 11-ஆம் தலைமுறை, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11 போட்டே வருகிறது, 46,000 ரூபாய். புரோகிராமைப் பற்றிக் கேட்டால் ஒருவர் “எல்லாம் ஓடும்” என்றார். இன்னொருவர், “11 வந்து நாற்பது நாள்தான் ஆகிறது, 10 போட்ட பழைய ஸ்டாக் வந்தால் கூப்பிடுகிறேன்” என்றார். மூன்றாமவர், “டாஸ் லேப்டாப் 5,000 ரூபாய் குறைவு, உங்கள் புரோகிராமும் டாஸ்தானே” என்றார். மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னதால் வாங்காமல் வந்துவிட்டேன். யார் சொல்வது சரி?

---

தெற்குவீதி | 14 நவம்பர், இரவு 10.15

10 போட்டதற்கே காத்திருங்கள். நான் போன மாதம் 11-க்கு மாறினேன். ஓடுகிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் டாஸ்க்பாரில் ஒரே மாதிரி விண்டோக்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்ட வழி இல்லை, ஃபைலை இழுத்து அங்கே போடவும் முடியவில்லை. ரைட் கிளிக் செய்தால் பாதி விஷயங்கள் இன்னொரு மெனுவுக்குள் ஒளிந்திருக்கின்றன. புதுசு எதுவாக இருந்தாலும் ஒரு வருடம் விட்டு வாங்குவது நல்லது.

---

ஸ்க்ரூடிரைவர் | 15 நவம்பர், காலை 6.50

தங்கச்சி, நான் சேலத்தில் 24 வருடமாக கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். உங்கள் மாதிரி கடைகள்தான் என் வாடிக்கையாளர்கள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

10-ஆ 11-ஆ என்பது உங்கள் பிரச்சினையே இல்லை. விண்டோஸ் 32 பிட், 64 பிட் என்று இரண்டு வகை, அதில் எது என்பதுதான் பிரச்சினை. 32 பிட் விண்டோஸுக்குள் பழைய டாஸ் புரோகிராம்களை ஓட்டுவதற்கென்று என்டிவிடிஎம் என்று ஒரு பகுதி இருந்தது. உங்கள் பில் இத்தனை நாள் அதன் மேல்தான் ஓடியது. 64 பிட் விண்டோஸில் அது கிடையாது. 11-இல் மட்டுமில்லை, 64 பிட் விண்டோஸ் 7-லேயே கிடையாது. 11-க்கு 32 பிட் பதிப்பே இல்லை. 10-க்கு உண்டு. ஆனால் 2020 மே மாதம் வந்த பதிப்பிலிருந்து, புது மெஷினில் போட்டு விற்பதற்கு 32 பிட்டை மைக்ரோசாஃப்ட் தயாரிப்பாளர்களுக்குக் கொடுப்பதில்லை. அதனால் 10 போட்ட ஸ்டாக்குக்காக இரண்டு மாதம் காத்திருந்து வாங்கினாலும், புரோகிராமை டபுள் கிளிக் செய்தால் ‘இந்தக் கணினியில் ஓடாது’ என்ற அதே செய்திதான் வரும். 10-க்கு 14 அக்டோபர் 2025-உடன் ஆதரவும் முடிகிறது. தெற்குவீதி தம்பி சொன்ன குறைகள் உண்மைதான். ஆனால் நாள் முழுக்க ஒரே பில் திரையில் உட்காருகிற உங்கள் அப்பாவுக்கு அவை குறுக்கே வராது.

டாஸ் லேப்டாப் வேண்டவே வேண்டாம். விண்டோஸுக்குக் காசு வாங்கவில்லை என்பதற்கு அடையாளமாகத்தான் அதில் ஃப்ரீடாஸ் என்ற இலவச டாஸைப் போட்டுக் கொடுக்கிறார்கள். ஜிஎஸ்டி தளம் அதில் திறக்காது, யூஎஸ்பியில் செருகிய பிரின்டரையும் அதற்குத் தெரியாது. கடைசியில் யாராவது திருட்டு விண்டோஸைப் போட்டுக் கொடுப்பார்கள். அதில் உட்கார்ந்து பேங்க் பாஸ்வேர்டு அடிப்பீர்கள். 5,000 ரூபாய்க்காக அதைச் செய்யாதீர்கள்.

வழி இருக்கிறது. வி-டாஸ் என்று ஒரு மென்பொருள். 64 பிட் விண்டோஸுக்குள் டாஸ் சூழலை உண்டாக்கிக் கொடுக்கும். டாஸ்பாக்ஸ் கேள்விப்பட்டிருப்பீர்கள், அது விளையாட்டுகளை மனதில் வைத்துச் செய்தது. வி-டாஸ் பில், கணக்கு மாதிரியான வேலைகளுக்கென்றே செய்தது, பிரின்டும் எடுக்கும். இன்னொரு நல்ல விஷயம், விண்டோவைப் பெரிதாக்கினால் எழுத்தும் கூடவே பெரிதாகும். விண்டோஸ் 7-இல் டாஸ் திரையை முழுதாக விரிக்க முடியாமல் அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்திருப்பாரே, அந்தச் சிரமம் தீரும்.

ஆனால் லேப்டாப் வாங்குவதற்கு முன்னால், இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். கெப்பாசிட்டர் உப்பிய மெஷினை நம்பி 22 வருடக் கணக்கை வைத்திருக்கிறீர்கள் என்று படித்ததும் எனக்குப் பதறிவிட்டது. அந்த ஃபோல்டரை முழுசாக இரண்டு பென் டிரைவில் எடுங்கள். கணக்கு இருக்கிற டிபிஎஃப் ஃபைலை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். பக்கத்திலேயே சிடிஎக்ஸ், எஃப்பிடி என்று முடிகிற ஃபைல்கள் இருக்கும். எஃப்பிடி தொலைந்தால் அதைச் சேர்ந்த டிபிஎஃப் ஃபாக்ஸ்புரோவில் திறக்காது. எடுத்த பிறகு பிரதி ஒன்றை எக்செல் மாதிரியான லிப்ரே ஆஃபிஸ் கால்க்கில் திறந்து பாருங்கள், பார்ட்டி பெயர்கள் வரிசையாகத் தெரியும். பார்ப்பதோடு சரி, சேவ் செய்யாதீர்கள்.

அப்புறம், ஒரு பென் டிரைவில் வி-டாஸையும் போட்டுக்கொண்டு, பிரின்டரையும் தூக்கிக்கொண்டு அந்தக் கடைக்கே போங்கள். யூஎஸ்பி – பேரலல் கேபிள் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் புரோகிராம் பிரின்ட்டை எல்பிடி1-க்கு, அதாவது பழைய பேரலல் போர்ட்டுக்குத்தான் அனுப்பும். இந்தக் கேபிளை விண்டோஸ் எல்பிடி1 என்று பார்க்காது, யூஎஸ்பி001 என்றுதான் பார்க்கும், அதனால் பிரின்ட் முதல் தடவையே வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு பில் அடித்துப் பார்த்துவிடுங்கள். கடைக்காரர் சம்மதிக்கவில்லை என்றால் வேறு கடை பாருங்கள். ஆத்தூர்ப் பக்கம் ஓர் அரிசி ஆலைக்கு 2018-இல் இப்படிச் சோதிக்காமல் “ஓடும்” என்று நானே சொல்லி மெஷினை வாங்க வைத்தேன். அறுவடை நேரத்தில் இரண்டு நாள் அவர்கள் கையால் பில் எழுதினார்கள். அது இன்னும் என் மனதில் இருக்கிறது. அதற்குப் பிறகு கண்ணால் பார்க்காமல் யாருக்கும் ஓடும் என்று நான் சொல்வதில்லை.

---

மருந்துக்கடை | 15 நவம்பர், மதியம் 2.05

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 11 ஹோமை முதல் தடவை ஆன் செய்யும்போது இன்டர்நெட்டும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கும். அதைக் கடைப் பையன் கையில் விடாதீர்கள், நீங்களே உட்கார்ந்து உங்கள் மெயிலில் துவங்குங்கள்.

போன வருடம் 10 போட்ட லேப்டாப் ஒன்று வாங்கினோம். கடைப் பையன் ஏதோ ஒரு மெயிலைப் போட்டுத் துவக்கிக் கொடுத்துவிட்டான். எட்டு மாதம் நன்றாக ஓடியது. ஒரு நாள் பயாஸ் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்னால் ஓடுகிற உள் மென்பொருள்) அப்டேட் ஆனது. மறுபடி ஆன் செய்தால் நீலத் திரையில் 48 இலக்க ரெகவரி கீ கேட்கிறது. டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகி, கீ இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டியிருக்கிறது, அதன் கீ அந்தப் பையன் போட்ட மெயில் கணக்கில் இருக்கிறது. அவன் வேலையை விட்டுப் போய்விட்டான், அது என்ன மெயில் என்று கடையில் ஒருவருக்கும் தெரியவில்லை. எட்டு மாதக் கொள்முதல் பில் போயிற்று. டிஸ்ட்ரிபியூட்டர் ஒவ்வொருவரிடமும் போய் நகல் கேட்டு வாங்கி முடிக்க என் மனைவிக்கு ஆறு வாரம் ஆனது. உங்கள் கணக்குக்குள் போய் அந்த 48 எண்ணையும் பார்த்து, தாளில் எழுதி பீரோவில் வையுங்கள்.

எஸ் மோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். சில லேப்டாப்பில் அப்படி வருகிறது. இருந்தால் ஸ்டோரில் உள்ளவை தவிர வேறு எதையும் போட முடியாது, வி-டாஸும் ஓடாது. ஸ்டோர் வழியாகவே இலவசமாக வெளியே வரலாம், திரும்ப எஸ் மோடுக்குப் போக முடியாது. உங்களுக்கு அது தேவையும் இல்லை.

---

பாவுநூல் | 20 நவம்பர், இரவு 10.30

ஸ்க்ரூடிரைவர் அண்ணா, உங்கள் பதிலைப் படித்த அன்றே இரண்டு பென் டிரைவில் எடுத்துவிட்டேன். ஒன்று என் பையில், இன்னொன்று அத்தை வீட்டில். கால்க்கில் திறந்தபோது முதல் வரியில் 1999-இல் நூல் வாங்கிய ஒரு பார்ட்டி பெயர் வந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டு, அவர் தறி ஓட்டிய வீதியைப் பற்றி அரை மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்று பிரின்டரை டிவிஎஸ் 50-இல் கட்டிக்கொண்டு தம்பியோடு போனேன். கடைக்காரர் முதலில் யோசித்தார், பிறகு டிஸ்ப்ளேயில் வைத்திருந்த மெஷினில் சம்மதித்தார். புரோகிராம் திறந்துவிட்டது. பிரின்ட்தான் சரியில்லை. பில் வருகிறது, ஆனால் மிக மெதுவாக, எழுத்து மெல்லிசாக. மூன்றாவது கார்பன் பிரதியில் ஒன்றுமே படிக்க முடியவில்லை. என்ன செய்வது? 1,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டு, புதன்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

---

ஸ்க்ரூடிரைவர் | 21 நவம்பர், காலை 6.30

நல்ல காரியம் செய்தீர்கள். பிரின்ட் மெதுவாக வந்தது எழுத்தைப் படமாக மாற்றி அனுப்பியதால். பிரின்டருக்குள்ளேயே இருக்கிற எழுத்தில் அடித்தால்தான் எழுத்து அழுத்தமாக விழும், மூன்றாவது பிரதி வரை இறங்கும். விண்டோஸில் பிரின்டரை ‘ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி’ என்று சேர்த்து, ஒரு சின்னப் பெயரில் ஷேர் செய்யுங்கள். வி-டாஸின் கான்ஃபிக் ஃபைலில் (அதன் அமைப்புகளை எழுதி வைக்கிற ஃபைல்), எல்பிடி1 நேராக அந்த ஷேர் பெயருக்குப் போகும்படி மாற்றுங்கள். கம்ப்யூட்டர் பெயரிலும் ஷேர் பெயரிலும் இடைவெளி விடாதீர்கள். புதன்கிழமை கடையில் மாட்டிக்கொண்டால் இங்கே எழுதுங்கள், பார்த்துக்கொண்டிருப்பேன்.

---

பாவுநூல் | 25 நவம்பர், இரவு 9.15

வந்துவிட்டது அண்ணா. சத்தம் பழைய மாதிரியே, மூன்றாவது பிரதியும் தெளிவு. லேப்டாப்பை நேற்று வாங்கிவிட்டேன். கணக்கு என் மெயிலில் துவங்கினேன், 48 எண்ணும் பீரோவில். எஸ் மோடு இல்லை.

இன்று காலை அப்பா உட்கார்ந்து முதல் பில் போட்டார். எழுத்து பெரிதாக இருப்பதைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். எஃப்2 அழுத்தினால் பார்ட்டி பெயர் வரவில்லை, திரை மங்கியது. லேப்டாப்பில் அந்த வரிசைக் கீகள் வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. பயாஸில் மாற்றலாம் என்று படித்தேன், ஆனால் ஆள் காத்துக்கொண்டிருந்தார். பழைய டெஸ்க்டாப்பின் யூஎஸ்பி கீபோர்டைப் பிடுங்கி இதில் செருகினேன். அப்பா குனிந்துகூடப் பார்க்காமல் பில்லை முடித்தார்.

பழைய மெஷினை நெட் ஒயரைக் கழற்றி மேஜைக்கு அடியில் வைத்திருக்கிறேன். மார்ச் கணக்கு முடிகிறவரை அங்கேயே இருக்கட்டும்.